கப்பல் வரும் தேதி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தொழிற்சாலை கேன்டீனில் இன்று மறுபடியும் அதே கேள்விகள். எங்கள் லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், என் கணவர் கடற்படையில் இருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு, சோற்றுத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, சண்ட வந்தா அண்ணன்தான் மொதல்ல போவணுமா? துப்பாக்கி வீட்டுக்குக் கொண்டு வருவாரா?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. துப்பாக்கி இல்லை, ஸ்பானர்தான். கிஷன் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார். வாந்தி வருமா? முதல் வருஷம் வந்தது. கப்பலில் நம்ம சாப்பாடு கிடைக்குமா? மாடு சாப்பிடாதவர்களுக்குத் தனியாக வைக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வீடு வைத்திருப்பார்களாமே? இருந்தால் நல்லது, அவர் அழுக்குத் துணியை அங்கே துவைத்துக் கொடுப்பார்கள். இந்தப் பதிலுக்கு அவள் சிரிக்கவில்லை. பாவம், சின்னப் பெண்.

கடைசியாக எல்லாரும் கேட்பது ஒன்று உண்டு: அடுத்து எப்போ வர்றார்? அதற்குப் பதில் கிடையாது. தெரிந்தாலும் கிடையாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கிஷன் வீட்டில் இருந்தார். மகள் தனுஷாவுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டிக் கொடுத்தார், குழாயைச் சரிசெய்தார், அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். இரண்டு நாள் வந்தால் இரண்டு மாத வேலையையும் முடிக்கப் பார்ப்பார்.

சாப்பிட்டு முடித்ததும் நான் பேச்சை எடுத்தேன். மார்ச்சில் அவருடைய முதல் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்தால் இன்னும் எட்டு வருஷம், பிறகு பென்ஷன். நீட்டிக்காவிட்டால் வீடு. எங்கள் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர் ஹாரிஸ் ஆள் தேடுகிறார். கப்பல் எஞ்சின் பார்த்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வேன் என்கிறார். இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம்.

"யோசிக்கிறேன் லா" என்றார்.

மலாய்க்காரர்கள் மாதிரி அவர் கடைசியில் 'லா' போட்டால் யோசிக்கப் போவதில்லை என்று அர்த்தம். எனக்கு அவர் வீட்டுக்கு வர வேண்டும். இதைவிடத் தெளிவாக எழுதத் தெரியவில்லை.

புறப்படும்போது வாசலில் குனிந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "பதிமூணாந்தேதி காலையில லுமுட் தளத்துக்கு வந்துடுவோம். ஒனக்கு மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் வாய விடாதே."

ஆகஸ்ட் 26

கப்பல் போய்விட்டது. அவர் போனுக்கு அடித்தால் மணி போகவில்லை.

செப்டம்பர் 2

நிபோங் திபாலிலிருந்து அத்தை, கிஷனின் அம்மா, அழைத்தார். மகன் பத்திரமாகத் திரும்பினால் தோட்டத்து மாரியம்மனுக்கு அன்னதானம் போடுவதாக நேர்ந்திருக்கிறாராம். எந்த ஞாயிறு என்று கோயிலில் கேட்கிறார்களாம்.

"எனக்கா தெரியப் போவுது? என்கிட்ட எவன் சொல்றான்? பெத்தவதானே நான்" என்று ஆரம்பித்தார்.

"பதிமூணு சனிக்கெழம வந்துடுவாங்க அத்தை. பதினாலு வைங்க. வெளிய சொல்லாதீங்க" என்றேன்.

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் ஓய்வு நேரத்தில் போனைத் திறந்தால் குடும்ப வாட்சாப் குழுவில் ஒரு பேனர் படம். நடுவில் வெள்ளை உடுப்பில் கிஷன். 'கடல் சிங்கம், எங்கள் குலக்கொழுந்து, அமரர் சுப்பையாவின் புதல்வன் கிஷன் பணிபுரியும்' என்று போட்டு, கீழே கப்பலின் பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே 'செப்டம்பர் 13 காலை லுமுட் வந்தடைவதை முன்னிட்டு மாபெரும் அன்னதானம். அனைவரும் வருக.' பின்னணியில் இத்தனை பெரிய கப்பல், மேலே போர் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் நாட்டில் அப்படி ஒரு கப்பலே கிடையாது. பேனர் கடை சிக்கந்தர் இணையத்தில் தேடி, பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும் என்று சேர்த்தாராம். படம்தான் தப்பு. பெயரும் தேதியும் சரி.

நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். யாரோ பேஸ்புக்கிலும் போட்டிருந்தார்கள்.

அடுத்த பத்து நிமிஷத்தில் லுமுட்டிலிருந்து சித்தி ஆயிஷா என்ற மலாய்க்கார அக்காவின் அழைப்பு. கப்பலில் உள்ளவர்களின் மனைவிமாருக்கு அவர்தான் தலைவி, எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். இன்று சிரிக்கவில்லை. கப்பல் எப்போது, எங்கே வருகிறது என்பதை வெளியே போடக் கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். இன்றைக்கே இறக்கு, எல்லா இடத்திலும் அழி, மேலே விஷயம் போய்விட்டது என்றார்.

அரைநாள் லீவு சொல்லி, தீவிலிருந்து கடல்மேல் போகும் இரண்டாம் பாலம் வழியாக நிபோங் திபாலுக்குக் காரை விரட்டினேன். கோயில் வாசலில் பேனர் பன்னிரண்டு அடிக்கு நின்றது. அத்தை அதன் அடியில் நின்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அவுக்கச் சொல்றே? கல்யாணத்துக்குப் போடுறோம், காதுகுத்துக்குப் போடுறோம், எம்புள்ள வர்றதுக்குப் போடக் கூடாதா?"

"கப்பல் வர்ற நேரம் கண்டவனுக்கும் தெரியக் கூடாது அத்தை. அதுல நூறு பேர் உசுரு இருக்கு."

"இங்க எவன் எதிரி? எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதானே."

கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன். சுருட்டிய பேனரைக் காரில் ஏற்றும்போது அத்தை கேட்டார்:

"அவனுக்கு எதாச்சும் ஆயிடுமா?"

தெரியாது என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அன்னதானத்தை நிறுத்த முடியவில்லை. சாமிக்கு நேர்ந்தது. சாம்பார், ரசம், கூட்டு, பாயசம். நூற்று எண்பது பேர் சாப்பிட்டார்கள். இலைக்கு இலை ஒரே கேள்வி: கிஷன் எங்கே? வேலை என்றேன்.

கப்பல் நேற்று வரவில்லை. பேனரால்தான் மாற்றினார்களா, வேறு காரணமா, யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க முடியாது. அத்தை அடுப்படியில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேதியைக் கொடுத்தவள் நான்.

செப்டம்பர் 16

இன்றும் இல்லை.

செப்டம்பர் 18

வந்துவிட்டார்கள். நல்லபடியாக. போனில் அவர் குரல் கேட்டதும் தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று அழுதேன். அவர் இரண்டே வரிதான் பேசினார். விசாரணை நடக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்.

செப்டம்பர் 20, சனி

தனுஷா தூங்கும்வரை இருவரும் நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

விசாரணையில், தேதியை வெளியே சொன்னது நான்தான், தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டாராம். அம்மா பெயரையும் சொல்லவில்லை, என்னையும் இழுக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை. அதைவிட, நீட்டிப்புக்கு அதிகாரி தர வேண்டிய சிபாரிசை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிபாரிசு இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி.

பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "குமுதா, நான் வெளிய வரணும்னு நீ ஆசப்பட்டே. எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் அம்மாகிட்ட சொன்னியா?"

"பைத்தியமா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். தனுஷா எழுந்துவிட்டாள்.

இப்போது இங்கே, பொய் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எழுதுகிறேன். அதற்காகச் சொல்லவில்லை. வாய் தவறியும் சொல்லவில்லை. பெத்தவள் எனக்குத் தெரியாது என்று அத்தை சொன்னாரே, அப்போது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளத் தோன்றியது. அவ்வளவுதான். ஒரு பெருமை. கேவலமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சிபாரிசு நின்றுவிட்டது என்று அவர் சொன்னபோது, அவர் முகம் வாடிக் கிடந்தபோது, எனக்குள் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. வந்ததுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஹாரிஸ் கேட்டார்: உன் கணவர் எப்போது விண்ணப்பம் தருகிறார்? நான் சும்மா இருந்தால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். மார்ச் வரும், அவர் வீட்டுக்கு வருவார், நான் ஆசைப்பட்டது கிடைக்கும்.

கிடைத்தபின் எப்படி இருக்கும்? எட்டு வருஷம் கழித்தும் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, வேணும்னே சொன்னியா என்று கேட்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய அதிகாரிக்கு மலாயில் கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் வந்தது. சொல்லக் கூடாது என்று என் கணவர் சொல்லியும் நான் மாமியாரிடம் சொன்னேன், அவருக்கு விதிமுறை தெரியாது, எனக்குத் தெரியும், தவறு என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன். சிபாரிசு பற்றி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். பிச்சை கேட்பது போலிருந்தது. தபாலில் போட்டாயிற்று. கிஷனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 8

பதில் இல்லை. வராது போலிருக்கிறது. அத்தை தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

கிஷன் லீவில் வந்திருந்தார்; காலையில் எல்லாருக்கும் எண்ணெய் வைத்தாயிற்று. அத்தை, தனுஷா எல்லாரும் பட்டாசு கொளுத்தக் கீழே போனதும் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். நீட்டிப்புப் படிவம். சிபாரிசு கையெழுத்து விழுந்திருந்தது.

"ஆபீசர் கூப்பிட்டு லெட்டரக் காட்டினார். ஒன் மனைவி ஒன்னவிட நல்லா மலாய் எழுதுறாங்கன்னார்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

கேட்டதில் பாதி நியாயம் என்று சொன்னேன். அந்த ஒரு நொடி சந்தோஷத்தையும் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் முறுக்கு டின்னின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"சரி, நீயே சொல்லு. போடவா, வேணாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முடிவ என் தலையில கட்டாதீங்க. ஒங்களுக்கு என்ன வேணும்? அத மொதல்ல சொல்லுங்க. ஒம்போது வருஷத்துல ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

அப்போதுதான் பேசினார். மோசமான கடலில் ஒரு தடவை ஒரு எஞ்சின் நின்றதாம். மூன்று பேர் நாலு மணி நேரம் போராடிக் கிளப்பினார்களாம். மேலே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம். "தொழிற்சாலையிலயும் நல்லாதான் செய்வேன் குமுதா. ஆனா எனக்கு அதுதான் வேல." இதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

அக்டோபர் 23

படிவத்தில் மனைவி கையெழுத்துக்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

கையெழுத்துப் போடுங்க என்றேன். எனக்குப் பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம், எட்டு வருஷமும் சண்டை போடுவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். போடு என்கிறார். கரைப் பணி கேட்டும் எழுதியிருக்கிறார்; கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஒன்றே ஒன்று கேட்டேன். இத்தனை வருஷமும் வழியனுப்புவது பாயான் பாரு வீட்டு வாசலோடு சரி. அடுத்த முறை குடும்பங்களை உள்ளே விடுவார்கள் என்றால் நாங்கள் லுமுட்டுக்கு வந்து வழியனுப்ப வேண்டும். சரி என்றார், கொஞ்சம் தயங்கித்தான். ஏன் தயங்கினார் என்று புரியவில்லை.

ஹாரிஸிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

தேதி எழுதப் போவதில்லை

இருட்டோடு கிளம்பினோம், நான், தனுஷா, அத்தை. பக்கத்து வீட்டில் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போவதாக அத்தை சொல்லியிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே யோசித்தது.

கப்பலை இவ்வளவு பக்கத்தில் இன்றுதான் பார்த்தேன். மேல்தளத்தில் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். சித்தி ஆயிஷா அக்கா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"இதுல அப்பா எங்க மா?" என்று தனுஷா கேட்டாள். அத்தையும் நெற்றியில் கை வைத்து ஒவ்வொரு முகமாகத் தேடினார். நானும்தான் தேடினேன். பிறகு உறைத்தது. எஞ்சின் அறைக்காரர் கப்பல் புறப்படும்போது மேலே எப்படி நிற்பார்? அதற்குத்தான் அன்று தயங்கியிருக்கிறார். இவ்வளவு தூரம் வந்தும் அவர் எங்களைப் பார்க்கப் போவதில்லை.

"அப்பா மேல இல்லடா. கீழ எஞ்சின்கிட்ட இருக்கார்."

"அப்ப நம்மளப் பாக்க மாட்டாரா?"

"மாட்டார்."

அவள் உதடு பிதுங்கியது. கயிறுகளை அவிழ்த்தார்கள். பின்பக்கத் தண்ணீர் கலங்கி வெள்ளையாகக் கிளம்பியது. கப்பல் மெதுவாகக் கரையை விட்டு விலகியது.

"பாரு, கப்பல் நகருதுல்ல? அப்பாதான் நகத்துறார்" என்றேன்.

தனுஷா மேலே நின்றவர்களை விட்டுவிட்டு அந்த நுரையைப் பார்த்துக் கை ஆட்ட ஆரம்பித்தாள். அத்தையும் ஆட்டினார். நானும் ஆட்டினேன்.