பி. செல்விக்குச் சாப்பாடு கூடிப்போச்சு

பிப்ரவரி 3, திங்கள்
விரல் வீக்கம் வற்றவில்லை. இறால் உரிக்கும் வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் ஆகிறது. நோய்க்கு லூப்பஸ் என்று பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டரம்மா நர்ஸ் ஷெர்லினிடம் சொன்னது காதில் விழுந்தது: "பி. செல்விக்குச் சாப்பாடு கூடிப்போச்சு. குறைச்சாத்தான் கிட்னி தப்பும்."

சீட்டில் என் பெயர் அதுதான். என் வீட்டுக்காரர் பர்னபாஸின் பி.

இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர் செத்து ஏழு மாதம். இன்னும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். கொட்ட மனசில்லாமல் அவர் பங்கையும் நானே தின்கிறேன். ரத்தத்தில் இதுவுமா தெரியும்?

பிப்ரவரி 5
கஞ்சித் தண்ணி மட்டும். ஒங்க பங்குக்கும் அதான். கோவிச்சுக்கிடாதீங்க.

பிப்ரவரி 8
தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தேன். குடம் நெளிந்துவிட்டது.

பிப்ரவரி 10
ஷெர்லின் சத்தம் போட்டாள். "எக்கா, யாரு ஒங்களப் பட்டினி கெடக்கச் சொன்னா?"

"நீங்கதான். பி. செல்விக்குச் சாப்பாட்டக் குறைக்கணும்னு."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது பி. செல்வி இல்லக்கா. பி செல்லு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். வெள்ளை அணுவில் அது ஒரு வகையாம். நோயோடு சண்டை போடுகிற ஆட்கள். எலும்புக்குள் தினமும் புதிதாகப் பிறக்கும். உயிர் தரிக்க ரத்தத்தில் ஒரு சத்து வேண்டும். அது அளவாக இருந்தால், சொந்த உடம்பையே கடிக்கிற போக்கிரிகள் போட்டியில் தோற்றுச் செத்துவிடும். எனக்கு அந்தச் சத்து கூடி, போக்கிரியும் பிழைத்துக் கிடக்கிறான். ஊசி அந்தச் சத்தைக் கட்டிப்போடுமாம்.

"நல்லதும் சேந்து சாவாதா?"

"கொஞ்சம் குறையும். காய்ச்சல் வந்தா ஒடனே வரணும். ஆனா பழைய காய்ச்சல ஞாபகம் வச்சிருக்க பழைய ஆளுங்க பெரும்பாலும் இருப்பாங்க. அவங்களுக்கு இந்தச் சாப்பாடு வேண்டாம். நீங்க வயிறாரச் சாப்பிடுங்க. உப்ப மட்டும் குறைங்க."

பிப்ரவரி 17
முதல் ஊசி. "பட்டினி அவனுவளுக்குத்தான், ஒங்களுக்கு இல்ல," என்றாள் ஷெர்லின். இனி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

ஆகஸ்ட் 12
கிட்னி தப்பியது என்றார் டாக்டரம்மா. விரல் மடங்குகிறது. கால் கிலோ இறால் வாங்கி நானே உரித்தேன்.

இன்றைக்கு ஒரு ஆளுக்குத்தான் உலை வைத்தேன். குழம்பில் உப்பு மட்டு. "உப்பளத்து ஊர்ல உப்புக்குப் பஞ்சமா, ஏளா?" என்றார் பர்னபாஸ்.

பழைய ஆள். சாப்பாடு போடாமலே இருக்கிறார்.