பத்தொன்பது எடுத்த மல்லி

என் செல்ல அம்பயரே, அப்பா,

நீ போய் எட்டு மாதமாகிறது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள். லிஃப்ட் மட்டும் நன்றாக இல்லை. ஏழு மாடியையும் ஏறித்தான் வருகிறோம். நீ இருந்திருந்தால் மாடிக்கு ஒரு பூதம் வைத்திருப்பாய்.

இப்போது நம் வீட்டில் ஒரு வழக்கு. மல்லி உயிரோடு இருக்கிறாளா, செத்துவிட்டாளா? தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நீ. நீ இல்லாததால் வழக்கு என் தலையில் விழுந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ துப்புரவு வேலை பார்த்த ஓ.எம்.ஆர். கம்பெனியில் ஒரு மாடியைக் காலி செய்தார்கள். தூக்கிப்போட்ட சாமான்களுக்கு நடுவே ஜெராக்ஸ் எடுத்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அட்டையில் ஒரு கோட்டை, ஒரு டிராகன். அதைப் பையில் போட்டுக்கொண்டு பெரும்பாக்கத்துக்கு வந்தாய். "குப்பைல போற கோட்டைய வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன் பாரு" என்றாய். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

நீயும் நானும் ஃபோனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அதைப் படித்தோம். ஆளுக்கொரு கற்பனை ஆள். மூன்று லூடோ பகடைகளை உருட்டிக் கூட்டி, அந்த ஆளுக்குப் பலம் எவ்வளவு, லாவகம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, முகராசி எவ்வளவு என்று எண் போட வேண்டும். அம்பயர் ஒருவர் கோட்டையைச் சொல்லிக்கொண்டே போவார். "எதுர்ல ஒரு கதவு கீது. இன்னா பண்றீங்க?" நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்ய முடியுமா என்று சந்தேகம் வந்தால் அதற்கு ஒரு சோதனை உண்டு.

அந்தச் சோதனை எப்படி என்பது இருந்த தாள்தான் நம் புத்தகத்தில் இல்லை.

நீ அசரவில்லை. தம்போலா காய்களில் ஒன்று முதல் இருபது வரை பொறுக்கி ஊறுகாய் பாட்டிலில் போட்டாய். "நம்பர்ன்றது செவுரு மாதிரி. செவுரு எவ்ளோ ஒசரமோ, எடுக்கிற காய் அதுக்கு மேல இருக்கணும். அப்போதான் தாண்ட முடியும்." எங்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. குட்டிச் சுவர்தானே தாண்ட எளிது? அதனால் நம் வீட்டில் எல்லோரும் பகடையில் ஒன்றும் இரண்டும் விழ வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வோம்.

எனக்கு விழுந்தது. பலம் ஐந்து, லாவகம் நான்கு, புத்தி ஆறு, முகராசி மூன்று. "மூணு நம்பர் முகராசியா! இவ நின்னா போதும்டி, பூதமே வழி விடும்" என்று நீ எழுந்து நின்று கைதட்டினாய். பூட்டு திறக்கும் திருடி மல்லி அப்படித்தான் பிறந்தாள். அவள் தாளில் இருப்பது முழுக்க உன் கையெழுத்து.

தாஸ் சித்தப்பாவின் பயில்வானுக்குப் பலம் பதினாறு. பாவம், நான்கு வருடமாக அந்தப் பயில்வானால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. அம்மாவின் மந்திரவாதி தன்னிடமிருந்த ஒரே மந்திரத்தைக் கடைசிவரை சொல்லவேயில்லை. கேட்டால், "அவசரத்துக்கு வேணும்ல?" என்பாள்.

நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் வாய் திறக்காது, கால்தான் நடுங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் மல்லி பேசுவாள். அவள் பேசியதெல்லாம் என் வாயால்தானே?

இப்போது நான் மேடவாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நிவேதா என்று ஓர் அக்கா ஸ்பைரல் போட ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தார். மேலே அதே கோட்டை, அதே டிராகன். என் கை நின்றுவிட்டது. புரட்டினேன். நம்மிடம் இல்லாத அந்தத் தாள் இருந்தது.

அக்கா பயந்துபோய், "என்னம்மா, பேஜ் ஏதாவது மிஸ் ஆகுதா?" என்றார்.

"இல்லக்கா. எங்க வீட்லதான் இந்தப் பேஜ் இல்ல" என்றேன்.

அப்பா, நாம் தலைகீழாக ஆடியிருக்கிறோம். இருபது பக்கப் பகடையில் விழுகிற எண் நம் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ வர வேண்டுமாம். பெரிய எண்தான் பெரிய பலமாம். மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உனக்கு அந்தத் தாள் கிடைத்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? மாற்றியிருப்பாயா, மடித்து வைத்திருப்பாயா?

கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் ஐந்தாறு பேர் ஞாயிறுதோறும் ஆடுகிறார்களாம். அக்கா வரச் சொன்னார். பஸ்ஸில் போகும்போது மூன்று முறை இறங்கிவிட நினைத்தேன். இறங்கவில்லை. மல்லியின் தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன்.

அவர்களுடைய அம்பயர் பிரவீன் அண்ணா. தாளைப் பார்த்தவர், "இது கேரக்டரா, பிளட் ரிப்போர்ட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அப்பா. பிறகு, "புதுசா ஒண்ணு ரோல் பண்ணிக்கோம்மா. இந்த ஸ்கோர வெச்சுக்கிட்டு வாசல்லயே செத்துரும்" என்றார்.

நான் தலையாட்டினேன். "இதுவே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

முதல் அரை மணி நேரம் நிவேதா அக்காவின் காதில்தான் சொன்னேன். அவர் அதைச் சத்தமாகச் சொன்னார். அவர்கள் சட்டப்படி பகடையை உருட்டினால் மல்லி காலி. ஆனால் செய்கிற வழியைச் சரியாகச் சொல்லிவிட்டால் உருட்டவே வேண்டாம். அதனால் தரையில் தண்ணீர் ஊற்றி, அது எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறேன் என்றேன். குழி தெரிந்தது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறேன் என்றேன். காவலாளி எழவில்லை. எப்போது நானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரம் மல்லி ஒரு பகடைகூட உருட்டாமல் உயிரோடு இருந்தாள். பிரவீன் அண்ணா நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

அப்புறம் ஒரு பள்ளத்தின் மேல் பலகை. பாதியில் முறிந்தது. கீழே ஈட்டி முனைகள். சொல்வதற்கு வழி எதுவும் இல்லை. "லாவகம்" என்றார் அண்ணா. உருட்டினேன்.

"பத்தொம்போது!" என்று கத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

நிவேதா அக்காதான் மெதுவாக, "பவி, இங்க கீழ வரணும்மா" என்றார்.

நாலோ அதற்குக் கீழோ வர வேண்டிய இடத்தில் பத்தொன்பது. பிரவீன் அண்ணாவுக்கு மனசு கேட்கவில்லை. "பழக்கதோஷம்தானே? இன்னொரு வாட்டி உருட்டிக்கோ. இல்ல, வீட்ல யோசிச்சு அடுத்த வாரம் வந்து சொல்லு. நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். நான் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் தாஸ் சித்தப்பா முதலில் மல்லியைப் பற்றிக் கேட்கவேயில்லை. "இன்னாது? பெரிய நம்பர்தான் பலமா? அப்போ நாலு வருசமா நான்தான்பா பயில்வான்! ஒரு வாளி தண்ணிக்காக உங்கப்பன் என்னிய எவ்ளோ ஓட்டிகினு இருந்தான்!"

"அத்த வுடு தாஸு" என்றாள் அம்மா. "நம்ம வூட்டு சட்டப்படி பத்தொம்போதுன்னா தாண்டிட்டா. கொயந்த உயிரோடதான் கீறா."

"அதெப்படி அண்ணி? கண்ணகி நகர்ல எங்க வூட்ல ஆடசொல்ல அண்ணன் இன்னா சொல்லிச்சு? எந்த வூட்ல ஆடுறமோ அந்த வூட்டு சட்டம்னு சொல்லிச்சா இல்லியா?"

"உன் பயில்வான் பொழைக்கணும்னு எம் பொண்ணோட ஆள சாவடிக்கிறியா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலோரம் நீ உட்காரும் இடத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

நான்கு நாள் யோசித்தேன் அப்பா. இன்னொரு முறை உருட்டினால் ஒருவேளை மூன்று விழலாம். உன் கையெழுத்திருக்கிற தாளும் மல்லியோடு பிழைக்கும். ஆனால் அம்மாவின் முதல் ஆள் விஷப் பெட்டியைத் திறந்து செத்தபோது, அம்மா உனக்கு இரண்டு நாள் டீ போட்டுத் தரவில்லையே. அப்போதும் நீ இன்னொரு காய் எடுக்க விட்டாயா? "எடுத்தது எடுத்ததுதான். அத்த மாத்திட்டா அப்புறம் பொழைச்சாலும் சந்தோசம் இருக்காது" என்றாய். டீக்கடையில் போய்க் குடித்தாய்.

வியாழக்கிழமை இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நடுங்காமல் சொன்னேன். "மல்லி செத்துட்டா. அவங்க வீட்ல ஆடினோம், அவங்க சட்டம். ஆனா பத்தொம்போது எடுத்து செத்தா. அவ்ளோ ஒசரம் யாரும் குதிச்சதில்ல."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அம்பயர் சொன்னா சரி" என்றாள்.

தாஸ் சித்தப்பா காலி சிலிண்டரை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். "மல்லிக்கு ஒரு சாவு கானா பாடாம அனுப்புனா நம்ம ஊருக்கே அசிங்கம்" என்று தட்ட ஆரம்பித்தார். உன்னை எடுத்த அன்று உனக்கு அவரால் பாட முடியவில்லை, தெரியுமா? கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இந்த முறை வந்தது. பூட்டைத் திறந்தவளே, பூதத்தை ஏய்ச்சவளே என்று முதல் அடி. இரண்டாவது அடியில், மல்லி என்று வர வேண்டிய இடத்தில் உன் பெயர் வந்தது. அவர் நிறுத்தவில்லை. நாங்களும் திருத்தவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்து, யார் செத்தது என்று கேட்டார்கள். அம்மா சிரித்துவிட்டாள்.

தாம்பரத்தில் போய்ச் சொன்னேன். பிரவீன் அண்ணா எழுந்து கை கொடுத்தார். அங்கே புது ஆள் உருட்டியிருக்கிறேன். பலம் பதினான்கு. இன்னும் பழகவில்லை.

நம் வீட்டில் நான்தான் இனி அம்பயர். இங்கே உன் சட்டம்தான். பயில்வானால் இன்னும் வாளியைத் தூக்க முடியவில்லை, சித்தப்பா தினமும் அப்பீல் செய்கிறார். தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: எந்தக் காயையும் மறைக்க மாட்டேன், பிடித்தவர்களுக்காக எதையும் மாற்ற மாட்டேன், செத்தவரைச் செத்தார் என்றே சத்தமாகச் சொல்வேன். சொல்லிவிட்டு, எதிரே ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன்.

என்றும் உன் ஒரே மகள்,
ஏழாவது மாடி அம்பயர்
பவி