நான் சொன்ன அட்ஜஸ்ட்

என் பிரியமுள்ள இசக்கி,

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. நீ வேலை பார்த்த இயந்திரத்தைச் சுற்றி இன்னும் மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். குன்றத்தூர் அறையில் உன்னோடு இருந்தவர்கள் உன் பாயையும் பையையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய் உன் அக்காவிடம் சேர்க்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

உனக்கு எழுத உட்கார்ந்ததே ஒரு வார்த்தையைப் பற்றித்தான். அட்ஜஸ்ட். நீ எங்களைக் கிண்டல் செய்துகொண்டே இருந்த அதே வார்த்தை.

நீ வந்த புதிதில் ஷேர் ஆட்டோக்காரர் உன்னை ஏழாவது ஆளாக ஏற்றிக்கொண்டு, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி குந்துங்கப்பா” என்றார். மூன்று பேர் அறையில் ஐந்தாவதாக நீ போனபோது வீட்டுக்காரர் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிப்ட் போட்டுவிட்டு, உன் லைன் சூப்பர்வைசர் நானும் சொன்னேன். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போவுமா?” என்று கேட்ட கதையை கேன்டீனில் சொன்னபோது உனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

“அண்ணே, ஒங்க ஊர்ல இந்த ஒத்த வார்த்தைய வச்சே காலத்த ஓட்டிருவீங்க போலயே. எங்க ஐடிஐ-ல அட்ஜஸ்ட்டுன்னா ஸ்பேனர எடுன்னு அர்த்தம்.”

“அது படிப்புப்பா. இங்க அட்ஜஸ்ட்னா ஸ்பேனர கீழ வெச்சிட்டு வாய மூடிகினு இருன்னு அர்த்தம்” என்றேன்.

“அப்ப கரெக்ட் பண்ணுன்னா?”

“அத லேடீஸ் லைன் பக்கம் போயி சொல்லிடாத, ஒதைப்பாங்க.”

எல்லாரும் சிரித்தோம். இப்போது அந்த மேசையைக் கண்டாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விபத்து நடந்த அன்றைக்குக் காலையிலிருந்தே, இயந்திரத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வேலிக் கதவின் சென்சார் சரியில்லை. கதவை மூடினாலும் அது திறந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டு இயந்திரம் பாதியில் நின்றுவிடும். நீ மூன்று முறை என்னிடம் வந்தாய். மூன்றாவது முறை நான் போனில் இருந்தேன். உற்பத்தி எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று மேனேஜர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சென்சார் ஆட்டம் காட்டுது. லைன நிறுத்திருவமா?”

“மெயின்டனன்ஸ் ஆளுங்க வந்துகினு கீறாங்க. அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா.”

உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். நீ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போயிருக்கிறாய். மின்சாரத்தை நிறுத்தினால் சென்சாரின் சின்ன விளக்கு எரியாது; விளக்கு எரிந்தால்தான் சரியான இடம் தெரியும். அதனால் நிறுத்தவில்லை. நீ அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததும், கதவு மூடிவிட்டது என்று நம்பி இயந்திரத்தின் கை உன் மேலேயே திரும்பிவிட்டது. நான் ஓடிவந்தபோது அந்த விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னேன், நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று பத்து நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அதற்கு முந்தின மாதம் அதே சென்சாரை நீயாகவே திருகி ஓட்டிக் காட்டியபோது உன் முதுகில் தட்டி, “சூப்பர்டா தம்பி” என்றவன் நான்தானே? அன்றைக்கும் நீ சரிசெய்து ஓட்டியிருந்தால் தட்டியிருப்பேன். அப்படியானால் நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன்? பொறுத்துக்கொள், சமாளி, விட்டுக்கொடு, சரிசெய். இதில் எதைச் சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சுக்கு நான் பொறுப்பு. எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேனோ?

நிர்வாகம் எழுதிய அறிக்கையில், ‘யாரிடமும் கேட்காமல் தொழிலாளி தன்னிச்சையாக அட்ஜஸ்ட்மென்ட் செய்தார்’ என்று இருக்கிறது. கீழே சாட்சி என்று என் கையெழுத்து. நாலாம் நாள் போட்டேன். எங்கள் நிலம் ஏதோ ஒரு கம்பெனியின் மதிலுக்குள் போய்ப் பல வருஷமாகிறது, இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு தெரியாது. பயந்துதான் போட்டேன் தம்பி, வேறு காரணம் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

உன் சம்பளப் பாக்கியை வாங்க அக்கா கம்பெனிக்கு வந்திருந்தார். செக்யூரிட்டி அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எந்தம்பி யார்ட்டயும் கேக்காம கைய வச்சிட்டாம்னு சொல்லுதாவளே, அவன் அப்படிப்பட்டவனாய்யா?” என்று கேட்டார். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வரவே இல்லை.

வருகிற திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் என்னைத் தனியாக விசாரிக்கப் போகிறார். நேற்று மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். “எழுதினதையே சொல்லிடு தேவா. போனவன் திரும்ப வரப் போறதில்ல. நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்” என்றார். பொய் சொல் என்று அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் உன்னிடம் சொன்னபோது உனக்கும் இப்படித்தான் புரிந்திருக்குமா?

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை அக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு நிறுத்தினேன், மூன்றாவது தடவை எடுத்துவிட்டார். “அக்கா, இசக்கி என்கிட்ட கேட்டான்க்கா. மூணு வாட்டி வந்து கேட்டான். லைன நிறுத்தலாமான்னு கேட்டான். நான்தான் நிறுத்தல” என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“அப்ப எந்தம்பி கேட்டுட்டுத்தான் கைய வச்சானா?”

“ஆமாக்கா.”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இசக்கி, திங்கட்கிழமை ஆய்வாளரிடம் அந்த ஒற்றை வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வர மாட்டேன். பழுது என்று நீ சொன்னதை, நிறுத்தலாமா என்று நீ கேட்டதை, எண்ணிக்கைக்குப் பயந்து நான் நிறுத்தாததை, நாலாம் நாள் பொய்யில் கையெழுத்துப் போட்டதை, எல்லாவற்றையும் நல்ல தமிழில் சொல்வேன். அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துத்தான் கீழே என் பெயரைப் போடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. அங்கிருந்து நேரே பஸ் ஏறி உன் ஊருக்குப் போவேன். அக்கா வீட்டுக்குள் விட்டாலும் சரி, வாசலிலேயே நிறுத்தினாலும் சரி.

இப்படிக்கு,
நீ மூன்று முறை கேட்டும் காதுகொடுக்காத உன் அண்ணன்,
தேவராஜ்