எச்சில் தொட்ட விரல்

ஒமாஹா
4 செப்டம்பர் 1984

அன்புள்ள டெல்மருக்கு,

நீ மூட்டை கட்டிப் போய் ஒரு வாரம் ஆகிறது. அன்று காலை, அணியிலிருந்து கழிக்கப்பட்டவர்களைக் கூப்பிட வரும் 'கத்திக்காரர்' நம் அறைக் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்றபோது என்னைத்தான் என்று பதறி எழுந்தேன். நீ என் தோளை அழுத்தி, "ஒக்காருடா, எனக்குத்தான்" என்றாய். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான்கு வருடம் கல்லூரி ஃபுட்பால் அணியில் நீ குனிந்து பின்னால் கொடுத்த பந்தைத்தான் எறிந்தேன். இப்போது கொடுப்பவர் கிழட்டு ஸ்டான்கோ. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "புதுப்பயலே"தான்.

பந்தை எறியும் மூத்த குவாட்டர்பேக்குக்கு முட்டி போய்விட்டதால் ஞாயிறு முதல் ஆட்டத்தையே என் கையில் கொடுத்தார்கள். தோற்றோம். கல்லூரியில் நம் ஆள் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு எறிவோம். இங்கே அவன் தனியாவதற்கு முன்பே எறிய வேண்டும். பார்த்துவிட்டு எறிந்தால் பந்து எதிரி கையில் இருக்கிறது.

களத்தில் எல்லோருக்கும் உத்தரவு போடுகிறவன் நான். ஆனால் சனிக்கிழமை காலை அணியில் மூத்தவர்களுக்கு டோனட் வாங்கி வருகிறவனும் நான்தான். போன வாரம் ஜாம் வைத்ததை மறந்துவிட்டேன். ஸ்டான்கோ சொன்னார்: "பந்த எவங்கிட்ட வேணாலும் குடு. டோனட்ட மட்டும் சரியாக் குடுத்துரு."

நீ இல்லாமல் பயமாக இருக்கிறது. ரோண்டாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
வேட்


வாட்டர்லூ, அயோவா
17 செப்டம்பர்

அன்பு மாப்ளே வேட்,

ரோண்டாவுக்கு ஒன்பதாம் மாதம். நான் மாமனாரின் டயர் கடையில் இருக்கிறேன். "என் மருமவன் பெரிய ஆட்டக்காரன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துவிட்டு, அந்தப் பெரிய ஆட்டக்காரனைத்தான் டயரைத் தூக்கச் சொல்கிறார். எந்த அணியாவது கூப்பிடாதா என்று மாலையில் பள்ளி மைதானத்தில் ஓடுகிறேன்.

நேற்று உன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. பந்தை எறியப் போகும்போது மட்டும் விரலில் எச்சில் தொடுகிறாய். ஓடுகிறவனிடம் கொடுக்கும்போது தொடுவதில்லை. கல்லூரியில் இதற்காகத்தானே ஒவ்வொரு தடவையும் குனிந்தபடியே "எச்சி தொடுடா" என்று கத்துவேன்? ஸ்டான்கோவுக்கு இது தெரியாது. எதிரணியில் ஒருவன் இதைக் கண்டுபிடித்தால் போதும், நீ எப்போது எறிவாய் என்று முன்பே தெரிந்துகொண்டு உன் விலா எலும்பை எண்ணிவிடுவான்.

டெல்மர்


ஒமாஹா
24 செப்டம்பர்

டெல்மர்,

நேற்றும் தோற்றோம். லூயிவில் ஆட்டம் வரைதான் பொறுப்பேன், அதிலும் தோற்றால் உன்னை உட்கார வைத்துவிடுவேன் என்று கோச் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் இடத்துக்கு வரப்போகிறவன் இப்போதே என்னைப் பார்த்து அனுதாபமாகச் சிரிக்கிறான். வாரம் ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன், இதில் விரலைப் பற்றியா யோசிப்பேன்? டயர் கடையிலிருந்து பார்த்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

வேட்


லூயிவில்
2 அக்டோபர்

வேட்,

டயர் கடை என்று எழுதினாயே, நன்றாகவே உறைத்தது. அதை விடு.

இன்று லூயிவில் அணி என்னைச் சேர்த்துக்கொண்டது. எதற்கு என்று உனக்கும் தெரியும். உங்களோடு மோதும் வாரத்தில் உங்கள் அணி கழித்துவிட்ட ஆளைக் கூப்பிடுவது அவன் தோளின் அழகுக்காக அல்ல. கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் கோச் கதவைச் சாத்திவிட்டு, "சரிப்பா, அந்தப் பய வேட்டப் பத்திச் சொல்லு" என்றார்.

விரலைச் சொன்னேன். ஒன்றும் தெரியாது என்றிருந்தால் இன்றைக்கே பஸ் ஏற்றியிருப்பார்கள். குழந்தை எந்த நாளும் பிறக்கலாம்.

சொல்லிவிட்டு நேரே வந்து உனக்கு எழுதுகிறேன். ஞாயிறு நீ எச்சில் தொட்டால் அவர்கள் மொத்தமாக உன்மேல் பாய்வார்கள். அதனால் ஓடுகிறவனிடம் கொடுக்கும்போது தொடு, எறியும்போது தொடாதே. முதல் பந்திலிருந்தே செய். பயல் முன்பே பழக்கத்தை மாற்றிக்கொண்டான் என்று நினைத்து, என்னைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவார்கள். நான் எழுதியது வெளியே தெரிந்தால் என்னை எந்த அணியும் தொடாது.

டெல்மர்


ஒமாஹா
8 அக்டோபர்

அன்புள்ள டெல்மருக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் நம்பவில்லை. உறைமேல் லூயிவில் முத்திரை. என்னைக் குழப்புவதற்காக அவர்களே எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

முதல் பாதி என் வழக்கப்படியே ஆடினேன். எறியப் போன போதெல்லாம் சாய்த்தார்கள். கடைசியாக என்னை மண்ணில் அழுத்திய தடியன் எழுந்துபோகும்போது, "வெரலு ருசியா இருக்கா கண்ணு?" என்றான். அப்போதுதான் உன்னை நம்பினேன்.

இடைவேளைக்குப் பிறகு எச்சில் தொட்டுவிட்டுப் பந்தை ஓடுகிறவனிடம் கொடுத்தேன். அத்தனை பேரும் என்மேல் விழுந்தார்கள். அவன் தடுக்க ஆளில்லாமல் கடைசிக் கோடு வரை போய்விட்டான். வென்றோம். என் இடம் எனக்கே என்று கோச் சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் உன்னைத் தேடினேன். உன் கோச் உன்னிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உன்னை நீக்கிவிட்டார்கள் என்று இன்று செய்தித்தாளில் பார்த்தேன்.

உடனே எங்கள் கோச்சிடம் போய், "டெல்மரத் திரும்ப எடுங்க" என்று கேட்டேன். "நம்ம குட்ட எதிரிகிட்ட ஒடச்சவனையா?" என்றார். உன் கடிதத்தைப் பற்றிய உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. நீ வேண்டாம் என்றதால் விழுங்கிவிட்டேன். திட்டியாவது எழுது.

உன்
வேட்


வாட்டர்லூ
15 அக்டோபர்

வேட்டுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ரோண்டா நலம். மாமனார் எனக்காக டயர் கடையில் இடம் வைத்திருந்தார்.

முதல் பாதி முழுக்க ஒரு பழக்கம், இடைவேளைக்குப் பிறகு நேர்மாறு. நான் ஓரத்தில் நின்று உனக்குக் கை காட்டினேன் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு நாள் பழகிய லூயிவில்காரர்கள் கேட்டவுடன் நம்பினார்கள். நான்கு வருடம் என் கையால் பந்து வாங்கிய நீ, எதிரி வந்து சொன்ன பிறகுதான் நம்பினாய்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

சனிக்கிழமை ஸ்டான்கோவுக்கு ஜாம் வைத்த டோனட்டை மறந்துவிடாதே. இனி அவர் முதுகுக்குப் பின்னால்தான் நீ நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எச்சில் தொடு. கத்துவதற்கு நான் இருக்க மாட்டேன். பதில் எழுத வேண்டாம்.

டெல்மர் புரூக்ஸ்