வாசலில் வச்ச பூசணிப்பூ

மார்கழி 6, வெள்ளி

பனி. எதிர்வீடே மங்கல், மலை எங்கே தெரியப் போகிறது. நெஞ்சில் சளி. சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தேன்.

வாங்க: பனங்கற்கண்டு, விளக்குச் சிம்னி ஒன்று, கோலப்பொடி.

மகன் சங்கரனிடம் ஏலக்காய் வாங்கும் மெட்ராஸ் வியாபாரி சொல்லி ஓர் ஆள் வந்திருக்கிறார். போட்டோ எடுக்கிறவர். மலையோரத்து ஊர்களை எல்லாம் கலரில் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பாராம். கொஞ்ச நாள் நம் மாடியில் தங்கல். வந்ததும் "உங்க போடி ரொம்ப அழகான ஊர் பாட்டி" என்றார். விவரமானவர் என்று நினைத்தேன்.

பல் விளக்காமல் காப்பி குடிக்கிறார். அந்தத் தம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டேன் மருமகளிடம்.

மார். 7, சனி

வெயிலுக்கு வரவே மனசில்லை. வடகம் போடுவது எப்படி.

படக்காரர் தெருத் தெருவாக அலைகிறார். எதை எடுக்கிறார் என்று பார்த்தேன். குமட்டுகிறது. நம் வீட்டுக்குப் போன ஐப்பசியில்தான் நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தது. தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ். அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூணாவது வீட்டில் காரை பேர்ந்து, பச்சைக்குள் ரோஸ், ரோஸுக்குள் மஞ்சள் என்று சொறி பிடித்த மாதிரி ஒரு சுவர். அதன் முன்னால் மண்டி போட்டு எடுக்கிறார். "எத்தனை காலத்துக் கலர், பாருங்க பாட்டி!" சுண்ணாம்பு அடிக்க வக்கில்லாதவன் சுவர், அது. அப்புறம் சாக்கடை மேல் காய்ந்த துணி. அப்புறம் பன்றி. பன்றிக்கு ரெண்டு படம்.

என்னையும் எடுக்கணுமாம். சுங்குடிச் சேலை, சிவப்புக்கல் தோடு, எல்லாம் போட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இது வேணாம் பாட்டி. பழைய சேலை இல்லியா? கையில ஒரு முறம் இருந்தா நல்லா இருக்கும். ஏலக்காய் பொறுக்குற மாதிரி."

எங்கள் வீட்டுப் பொம்பளைகள் யாரும் ஏலக்காய் பொறுக்கினதில்லை. அதற்குக் கடையில் கூலிக்கு ஆள். எழுந்து உள்ளே வந்துவிட்டேன். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறதாம் இவருக்கு?

பார்வதி பின்கட்டில் நின்று சிரிக்கிறாள். "நீ முறத்தோட நின்னா நல்லாத்தாம்மா இருக்கும்." பெற்ற மகள் பேசுகிற பேச்சு. மருமகன் மலை ரோட்டில் ஜீப் கவிழ்ந்து போனதிலிருந்து இவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. அதனால் திட்டவில்லை.

மார். 8, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

விடியக் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் நம் வாசல் கோலத்தில் பூசணிப்பூ. சாணி உருண்டை பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூ, பளிச்சென்று. பக்கத்தில் படக்காரர் குனிந்து படம் எடுக்கிறார்.

"யாரு தம்பி இதை வச்சது?"

"நான்தான் பாட்டி. எதிர்வீட்ல வச்சிருந்தாங்க. உங்க நீலச் சுவருக்கு மஞ்சள் எடுப்பா இருக்குமேன்னு கொல்லைக் கொடியில பறிச்சேன்."

எடுப்பா இருக்குமாம்! கட்டிக்கொடுக்கப் பெண் இருக்கிற வீட்டில்தான் எங்கள் தெருவில் மார்கழிப் பூ வைப்பது. போகிறவர் வருகிறவர் பார்த்து வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் கேட்டு வருவார்கள். எங்கள் வீட்டில் யார் இருக்கிறாள்? சங்கரன் மகளுக்கு ஆறு வயது. அவளை விட்டால் பார்வதி. புருஷனைப் பறிகொடுத்தவள்.

வாரி எறிந்தேன். எறிந்து என்ன? பஜனைக் கூட்டம் போயாச்சு. பால்காரர் போயாச்சு. கண்ணுள்ளவர் எல்லாம் பார்த்தாச்சு.

எதிர்வீட்டுப் பேச்சியம்மா வாயில் வெற்றிலையோடு வந்தாள். அவளுக்கு ரெண்டு பெண்கள், ரெண்டும் நிற்கிறது.

"என்ன மதினி, பூவெல்லாம் வச்சிருக்கீக! பேத்திக்கா? அதுக்கு இன்னும் பால் பல்லே விழுகலையே?"

கேட்டுவிட்டு எங்கள் பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். உதட்டோரம் வழிகிற சாற்றைத் துடைக்கக்கூட இல்லை. சீ.

படக்காரர் தெரியாமல் வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. "என் வாசல். நான் வச்சேன்" என்றேன்.

மார். 10, செவ்வாய்

தலைவலி. தைலம்.

தேவாரம் ஊரிலிருந்து ஒரு அம்மாள். பேச்சியம்மாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே வரைக்கும் போயிருக்கிறது அந்த வெற்றிலை வாய்.

"பூ வச்சிருக்கீகன்னு சொன்னாக. மார்கழியில பேசக்கூடாதுதான். வேற யாரும் முந்திரக் கூடாதேன்னு ஓடியாந்தேன்."

யார் முந்தப் போகிறார்களாம்! தம்பிக்குக் கேட்கிறாள். ஜவுளிக்கடை. பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. "பொண்ணு தாலி அறுத்ததுடா, யோசிச்சுக்கன்னு சொன்னேன். நான் மட்டும் என்ன புது மாப்பிள்ளையாங்கிறான்."

காப்பி கொடுத்தேன். பிடியும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. எப்போது எழுந்து போவாள் என்றிருந்தது. எங்கள் வழியில் இதுவரை எவளும் ரெண்டாம் தாலி கட்டிக்கொண்டதில்லை.

கதவுக்குப் பின்னால் பார்வதி நின்றிருக்கிறாள். அந்த அம்மாள் படி இறங்கினதும்: "அந்த ஆளுக்கு என்ன வயசாம்மா?"

உடம்பெல்லாம் எரிந்தது. "உனக்கெதுக்குடி அது?" உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துபோச்சு, அதையும் பார்க்கவில்லை அவள்.

மார். 11, புதன்

பனி விலகி மலை தெரிந்தது. அதைப் பார்க்க யாருக்கு நேரம்.

சங்கரன் காலையிலேயே கத்தல். "கடையில தலை காட்ட முடியலம்மா. மூட்டை தூக்குறவன் வரைக்கும் 'வீட்ல விசேஷமாமே'ங்கிறான்." படக்காரரைக் கையோடு கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டான். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, போகிற போக்கில் அந்தச் சொறிச் சுவரை இன்னொரு படம் எடுத்துக்கொண்டுதான் போனார். ஜென்மம்!

அடுத்தது பார்வதியாம். பேச்சு அடங்குகிற வரை தேவதானப்பட்டியில் மாமியார் வீட்டில் கிடக்கட்டுமாம். சங்கரன் சொல்கிறான்.

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மருமகன் தவறின வருஷம் ஒருநாள் சொல்லாமல் போய் நின்றேன். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் பருத்திக்கொட்டை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் என் மகளுக்குப் பாய். கையெல்லாம் சாணி வெடிப்பு. தலையில் பேன் சடை. எல்லாரும் தின்று மிஞ்சினது அவளுக்கு. "சோறு போடுறோம்ல" என்று சம்பந்தியம்மாள் என் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அன்றைக்கே கூட்டி வந்தேன்.

அங்கே அனுப்பச் சொல்கிறான், அதே தங்கச்சியை. கடையில் நாலு பேர் இளித்தார்கள் என்று. நான் வளர்த்த பிள்ளை. படக்காரர் தேவலாம் போல் இருக்கிறது.

சாயங்காலம் பார்வதியை நேராகவே கேட்டேன். "தேவதானப்பட்டி போறியா, தேவாரத்துக்காரவுகளை வரச் சொல்லவா?"

"வரச் சொல்லு. பார்க்கிறேன். பிடிக்கலைன்னா இங்கனயே இருந்துக்கிறேன். அந்தக் கொட்டகைக்கு மட்டும் போகமாட்டேன்."

எவ்வளவு திமிர். என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

சங்கரனிடம் சொல்லியாச்சு. "ஏலே, தெருவுக்கு முன்னாடி என் பூன்னு சொன்னவ நான். இல்லைன்னு சொல்ல இந்த வாயால ஆகாது. தை பிறந்ததும் அவுக வருவாக. கொல்லை வழியா இல்லை, பட்டப்பகல்ல முன்வாசல் வழியா. நீதான் நின்னு வாங்கன்னு கூப்பிடணும்."

"ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். பல்லையாவது விளக்கிட்டுச் சிரிக்கச் சொல்லு."

தேவாரத்துக்கு ஆள் போயாச்சு. சங்கரன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். படுக்கட்டும். பார்வதி இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.