விரிப்பைத் தட்டிக்கொடுக்கும் கை

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது மைக் கம்பியின் திருகாணிதான். யாரோ ஒரு நெட்டையான ஆளுக்காகக் கம்பியை உயர்த்தி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். நடுவில் இருந்த திருகாணியைத் திருகினால் கம்பி இறங்கிவிடும். எனக்குத் தெரிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. என் முறை வந்தபோது நானும் குதிகாலைத் தூக்கினேன். "சத்தமா சொல்லும்மா" என்றார்கள். சொன்னேன். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கான பயிற்சிப் பட்டறை இது. சித்திதான் பிடித்துத் தள்ளிவிட்டாள். "பகல் பூரா காஜா எடுக்கறே, மிச்ச நேரம் யாருக்கும் காட்டாம கிறுக்கறே. போய் நாலு பேரு முன்னாடி கிறுக்கு" என்றாள். ஞாயிறுதோறும் வகுப்பு. போட்டிகளுக்கு எழுதுவது, மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பது, யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் எழுதியே பிழைப்பது என்று மூன்று பாடம். வாரம் ஒரு கடிதம் யாருக்காவது எழுத வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியுமே. அதனால் நீ மாட்டிக்கொண்டாய். பதிலும் தாளில்தான் வர வேண்டும்.

சொல்லிக் கொடுப்பவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் குடை சார். கூரைக்கு அடியில் நின்றுகொண்டும் குடையை விடமாட்டார், அதை நீட்டித்தான் கேள்வி கேட்பார். "போட்டிக்கு எழுதும்போது, நடுவர் தூங்கி வழியறார்னு நெனச்சுக்கிட்டு எழுதுங்க" என்றார். என் பக்கத்தில் உட்காருபவர் ஆறுதல் பரிசு அக்கா. எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் அவருக்கு ஆறுதல் பரிசுதான். "முதல் பரிசு வாங்கினவங்க எழுதறதை நிறுத்திடறாங்க. என்னை யாராலயும் நிறுத்த முடியாது பாரு" என்று சிரிக்கிறார்.

ஒன்பதாவதோடு நின்றவள் நான் மட்டும்தான். யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

அம்மாவின் கைவெடிப்புக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தாயா? போன தடவையும் மறந்துவிட்டாய்.

உன் ஊமைக்கோட்டான்

*

ஜூன் 12

அன்புத் தங்கச்சி ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திருகாணி வந்ததும், "பாரேன், வாயைத் தொறக்காட்டியும் கண்ணு சும்மா இருக்கா அவளுக்கு" என்று ஒரே பெருமை. களிம்பு வாங்கிவிட்டேன், திட்டாதே. ஆனால் பூசினால் மடிக்கிற படுக்கை விரிப்பில் கறை படியும் என்று வேலை நேரத்தில் தொடமாட்டேன் என்கிறாள். சலவை ஆலையில் வெளுப்பு மருந்து நாளுக்கு நாள் காரமாகிக்கொண்டே போகிறது. மடிப்புப் பிரிவில் எல்லாப் பெண்களுக்கும் இதே கைதான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என்னை ஆலையின் எடைமேடையிலிருந்து தூக்கி ஆபீஸுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். மேனேஜர் அறைக்கு அடுத்த மேஜை. "படிச்ச பையன், ஒரு தடவை சொன்னா புரிஞ்சுக்கறான்" என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தப் படிப்பு யார் நின்றதால் வந்த படிப்பு என்பதை நான் மறக்கவில்லை. ஒருநாள் உன்னை மேடையில் ஏற்றாமல் விடமாட்டேன், பார்த்துக்கொண்டே இரு.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னை மேடையில் ஏற்ற வேண்டாம். மேடைக்குக் கீழே எனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இன்று பேச்சு எழுதும் பாடம். பேசப்போகிறவருக்கு மூச்சு எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்து வாக்கியத்தை வெட்ட வேண்டும். அவர் வாயில் நுழையாத சொல்லை வைக்கக் கூடாது. கடைசியில் கைதட்டு அவருக்கு, எழுதினவள் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூட யாருக்கும் தெரியாது. அண்ணா, எனக்காகவே செய்துவைத்த தொழில் மாதிரி இருந்தது!

குடை சார் ஒன்று சொன்னார், எழுதி வைத்துக்கொண்டேன். "பேச்சு பூரா உண்மையா இருக்கணும்னு அவசியமில்லை. கண்ணால பார்த்த ஒரே ஒரு சின்ன உண்மையை உள்ளே வைங்க. கேட்கறவன் அதை நம்பிட்டான்னா, மிச்சத்தையெல்லாம் அது இழுத்துட்டுப் போயிடும்." பயிற்சியாக, ஓய்வுபெறும் காவலாளிக்கு ஒரு வழியனுப்புப் பேச்சு எழுதச் சொன்னார். அவர் பூட்டைப் பூட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், நாலடி நடந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார் என்று எழுதினேன். சித்தியின் தையல் கடைக்கு எதிரே பார்த்ததுதான். ஆறுதல் பரிசு அக்காதான் என் சார்பில் வாசித்தார். வாசித்து முடித்ததும் குடை சார் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

இன்று ராத்திரி சித்தி என்ன சொன்னாள் தெரியுமா? "ஏண்டி, சோறு போட்டுத் தின்னாம தட்டைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கே?"

அம்மாவிடம் சொல்.

உன் ஊமைக்கோட்டான்

*

ஜூன் 25

அன்புத் தங்கச்சிக்கு,

சொன்னேன் அல்லவா? உனக்கு முதல் வேலை வந்துவிட்டது.

மாதக் கடைசியில் ஆலையில் ஒரு கூட்டம். மேனேஜர் மடிப்புப் பிரிவுப் பெண்களுக்கு நன்றி சொல்லிப் பேச வேண்டும். அவருக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது, கணக்குத்தான் வரும். "என்கிட்ட விடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். நான் எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சின்னப் பெண் என்றால் நம்பமாட்டார், கோபித்துக்கொள்ளாதே.

நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று வர வேண்டும். பெண்கள் மனம் உருக வேண்டும். முடிக்கும்போது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், அது முக்கியம். இன்னொன்று, "அடுத்த வருஷம்", "இனிமேல்" என்றெல்லாம் எங்கும் வரக் கூடாது என்கிறார். பெரிய இடத்துப் பேச்சுக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கும் போல.

குடை சார் சொன்ன மாதிரி ஒரு சின்ன உண்மையை வை. மடிப்புப் பிரிவைப் பற்றி உனக்குத் தெரியாததா?

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

பேச்சை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று தடவை எழுதி, மூன்று தடவை சித்தியை மேனேஜராக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் வெட்டிவிட்டேன்.

"இனிமேல்" ஏன் வரக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஞாயிறு, எழுதிப் பிழைப்பது எப்படி என்கிற பாடம். "வேலை கொடுக்கறவங்ககிட்ட ஏன்னு கேட்காதீங்க. எப்போ வேணும்னு மட்டும் கேளுங்க" என்றார் குடை சார். "ஏன்னு கேட்டா அடுத்த வேலை வராது" என்றும் சொன்னார். அதனால் கேட்கவில்லை.

சின்ன உண்மையாக அம்மாவைத்தான் வைத்திருக்கிறேன். விரிப்பை மூலைக்கு மூலை சேர்த்து மடித்து முடித்ததும், உள்ளங்கையால் அதன் மேல் மெல்ல இரண்டு தடவை தட்டுவாளே, தூங்கின குழந்தையைத் தட்டுகிற மாதிரி, அது. வீட்டில் துண்டு மடித்தாலும் தட்டுவாள். ஏன் தட்டுகிறாய் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "முகம் தெரியாத யாரோ படுக்கப் போறாங்க, நல்லாத் தூங்கட்டும்னுதான்" என்றாள். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். "யார் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களில் ஒருவருடைய கையை நான் பார்த்திருக்கிறேன்" என்று மேனேஜர் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு தொடரச் சொல்.

அம்மாவிடம் நான் எழுதியது என்று சொல்லிவிடாதே. அவள் முகம் எப்படி மாறியது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. அதுதான் எனக்கு வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

உன் ஊமைக்கோட்டான்

*

ஜூலை 9

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, தலைக்கு மேல் வேலை.

பேச்சு பிரமாதம். நீ சொன்ன இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டுத்தான் பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மாவும் நின்றாள்.

நீ அம்மா மூலமாகக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மடிப்பதற்கு இயந்திரம் வருகிறது. மடிப்புப் பிரிவை எடுத்துவிட்டார்கள். கூட்டத்துக்குப் பிறகு எல்லோரும் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கூச்சல் வரும், கதவை மறிப்பார்கள் என்று மேலிடத்தில் பயந்துகொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அதற்கு உன் எழுத்துதான் காரணம். இதை நான் புகழ்ந்துதான் சொல்கிறேன். எப்படியும் நடக்கப்போவது, நாலு நல்ல வார்த்தையோடு நடந்தது. அம்மாவுக்கும் வயதாகிறது, கை ஆறட்டும். நான் இருக்கிறேன் அல்லவா? என்னை உதவி மேனேஜராக்கிவிட்டார்கள்.

நீ இருக்கும் ஊரிலும் எங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. வரும் சனிக்கிழமை அங்கேயும் இதே கூட்டம். அதே பேச்சு போதும், அந்தக் கை மட்டும் மாற வேண்டும். இங்கே கேட்டவர்கள் யாராவது அதை அங்கே சொல்லியிருந்தால் காரியம் கெட்டுவிடும். உனக்குப் பக்கம்தானே, வேலை விடும் நேரத்தில் போய் வாசலில் நின்று, யாராவது ஒருத்தியின் கையையோ நடையையோ கவனித்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 15

அண்ணா,

உன் கடிதம் வந்த மறுநாள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீ ஆபீஸில் இருந்தாய். நீ வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

அம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கவில்லை. "இத்தனை வருஷத்துல என்னை ஒரு ஆளா யாரு பார்த்திருக்கா? அந்த மேனேஜர் பார்த்திருக்காருடி. என் கையைப் பார்த்திருக்காரு. என் பேரைச் சொல்லலே, ஆனா என்னைத்தான் சொன்னாரு. பக்கத்துல இருந்தவ இடிச்சா, 'உன்னையத்தான்'னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள். பிறகு, "தாளை நீட்டினது உங்கண்ணன்தான். மனசு நிறைஞ்சு இருந்துச்சு. நான்தான் முதல்ல போட்டேன். நான் போட்டேன்னுதான் மத்தவளுங்களும் போட்டாளுங்க. இப்போ கடைத்தெருவுல பார்த்தா ஒருத்தியும் முகம் கொடுக்க மாட்டேங்கறா" என்றாள்.

அம்மாவை முதலில் போடவைத்தால் மற்றவர்கள் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். மேஜையில் முதல் நாற்காலி அவளுக்கு என்று போட்டவனும் நீதானாம்.

பேச்சை எழுதியது நான் என்று அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இரு" என்று சிரித்தாள். நான் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். கை வந்த இடத்தில், மேனேஜர் மாதிரியே நிறுத்தி மூச்சு விட்டேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அப்போ அவரு பார்க்கலியா?" என்று மட்டும் கேட்டாள். துண்டை மடித்து முடித்தாள். அதன் மேல் தட்டவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுதச் சொல்லியிருந்தேனே. நீ எழுதாவிட்டால் என்ன, நானே பார்த்துக்கொண்டேன்.

நீ சொன்னபடி நேற்று கிளைக்குப் போனேன். வேலை விடும் நேரம். பெண்கள் கதவருகில் வரிசையாக வந்து, வெளுப்பு மருந்தின் எரிச்சலுக்கு முன்கையில் கட்டியிருந்த ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பருத்த அம்மாள் ஒருத்தி, "யாரும்மா நீ? வேலைக்கா? இங்க ஆள் எடுக்கறதில்லையே" என்றாள். வாய் வரவில்லை. கையில் இருந்த பேச்சின் பிரதியை நீட்டினேன். அவள் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஒரே குடும்பம்" என்று வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "யாருடி இது, நம்ம மேனேஜரா? குடும்பம்னா என்னைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றாள் ஒருத்தி. கை வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் நின்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதற்கு எழுதியது என்று தெரியாமலே உருகினார்கள், அண்ணா. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன்.

பருத்த அம்மாள் தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். "அழகா எழுதியிருக்கே கண்ணு. எங்களுக்காகவா எழுதினே?"

"இல்லைக்கா" என்றேன். பிறகு, சனிக்கிழமை இதை யார் வாசிப்பார், வாசித்து முடித்ததும் எந்தத் தாளை நீட்டுவார்கள் என்று, கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

தங்கை