கைப் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

மேடை என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பீர் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகை. அதில் நானும் என் கீபோர்டும் டிரம்ஸ்காரனும். பத்து வருடம் முறையாகப் பாட்டுப் படித்தவன் நான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

பார் முதலாளிக்குப் பாட்டுகளில் இரண்டே ஜாதி. அடுத்த ரவுண்டுக்குக் கை தூக்க வைத்தால் கைப் பாட்டு. எழுந்து ஒன்றுக்குப் போனால் கழிவறைப் பாட்டு. "பாட்டுன்னா தொட்டுக்கிற ஐட்டம் தம்பி, காரம் தூக்கலா இருக்கணும்." ஞானசூனியம்.

மார்ச் 8, சனி

மகளுக்கு நான் கட்டிய தாலாட்டை இன்று அங்கே பாடிவிட்டேன். ஐந்து வருடமாக அதைக் கேட்காமல் அவள் தூங்கியதில்லை. இந்த ஜென்மங்களுக்கும் ஒரு நல்லதைக் காட்டுவோமே என்று நினைத்தேன். முன் மேசைக்காரன் போனைக் கீழே வைத்தான். டம்ளர்கள் அப்படியே நின்றன. ஒரு கைகூட உயரவில்லை.

"கூட்டத்தையே தூங்க வச்சிட்டியே. நாளைலேர்ந்து வராதே," என்றார் முதலாளி.

தாலாட்டு வேறென்ன செய்யும்?

மார்ச் 10

டிரம்ஸ்காரன் போன் செய்தான். "மெட்டு நல்ல மெட்டுண்ணே. வேகத்தைக் கூட்டி, 'கண்ணே'ன்னு சொல்லி நிறுத்துங்க. மிச்சத்தை அவனுங்களே கத்துவானுங்க."

தூ.

மார்ச் 14, வெள்ளி

போனேன். நானாகத்தான் போனேன்.

"கண்ணே—" என்று நிறுத்தினேன். "ஊத்து!" என்று கத்தினார்கள். ஒரே நேரத்தில் அத்தனை கைகளும் மேலே. முதலாளி தோளில் தட்டினார். எருமை மாட்டுக் கூட்டம்.

இரண்டாம் முறை பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாடினேன்.

மார்ச் 29

எவனோ அந்தப் பாட்டைப் போனில் பிடித்துப் பரப்பியிருக்கிறான். மகளின் பள்ளி வேன் டிரைவர் தினமும் காலையில் அதைத்தான் போடுகிறாராம். ரசனை கெட்ட பிறவி. யார் பாடியது என்று அவரிடம் சொன்னாயா என்று மகளைக் கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகளுக்குக் காய்ச்சல். மத்தியானம் என் மடியில் தலை வைத்து, "பாடுப்பா," என்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், பழைய மாதிரியே. "கண்ணே" வந்ததும் பழக்கதோஷம், ஒரு கணம் நிறுத்திவிட்டேன்.

போர்வைக்குள்ளிருந்து சின்னக் கை உயர்ந்தது. கண்ணைத் திறக்காமலே, "ஊத்து," என்றாள்.

இன்று அவள் தூங்கவில்லை.